ஹெட்ஸ்பின் ஆபத்துதான், ஆனா எப்போன்னு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டென்மார்க்ல ஒருத்தர் வருஷக்கணக்கா ஹெட்ஸ்பின் (பிரேக் டான்ஸ்ல தலைகீழா உச்சந்தலை மேல நின்னு சுத்தறது) பண்ணி உச்சந்தலைல கட்டி வந்து, அத ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்கன்னு நம்ம பேப்பர்ல ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு இல்லையா, அத பத்திதான் எழுதுறேன். செய்தி உண்மைதான், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா தலைப்ப மட்டும் படிச்சவங்களுக்கு பிரேக் டான்ஸ் ஆடினாலே தலையில கட்டி வரும்ங்கிற மாதிரி போயிடுச்சு. நான் திருச்சில வேலை முடிஞ்சு சாயங்காலம் பசங்களுக்கு பிரேக்கிங், அதாவது இந்த பிரேக் டான்ஸ் சொல்லித்தர்றேன், காசு பெருசா ஒன்னும் வாங்கறதில்ல. செய்தி வந்த மறுநாளே சில வீட்ல பசங்கள நிறுத்திட்டாங்க. ஒரு அம்மா பேப்பரையே கையில புடிச்சிட்டு வந்து "தம்பி, இத படிச்சீங்களா, எம்புள்ளைக்கு இப்படி ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்குறது"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. கேட் வாசல்ல நின்னுகிட்டு ரெண்டு வார்த்தைல பதில் சொல்லிட முடியாது, அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், இடம் இருந்தா போடுங்க.

முதல்ல அந்த டென்மார்க் ஆளோட கணக்க பாருங்க. டாக்டருங்க அத பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்ங்கிற மருத்துவ இதழ்ல 2024ல எழுதியிருக்காங்க. அவருக்கு முப்பது வயசு தாண்டியாச்சு, 19 வருஷத்துக்கும் மேல ஹெட்ஸ்பின் பண்றவரு. வாரத்துக்கு 5 தடவை ட்ரெய்னிங், ஒவ்வொரு தடவையும் சுமார் ஒன்றரை மணி நேரம், அதுல 2 நிமிஷத்துல இருந்து 7 நிமிஷம் வரைக்கும் முழு பாரமும் உச்சந்தலை மேல. இப்படியே வருஷம் பூரா தேய்ச்சு தேய்ச்சுதான் அந்த இடத்துல முடி கொட்டி, தோல் தடிச்சு, கட்டி வந்திருக்கு. அது புத்துநோய் கட்டி கிடையாது, எடுத்தாச்சு, அவரும் நல்லா இருக்காரு. பிரேக்கிங் ஆடுறவங்களுக்கு இது புது விஷயமும் இல்ல, ஹெட்ஸ்பின்னையே பிரதானமா வச்சு ஆடுறவங்க தலையில வழுக்கை விழுந்த மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அத நாங்க பார்த்திருக்கோம். ஆனா என்கிட்ட வர்ற பன்னெண்டு வயசு பையன் அந்த நிலைமைக்கு வரணும்னா அவனுக்கு முப்பது வயசு தாண்டணும். முதல் வருஷத்துல அவன் தலை மேல சுத்தவே மாட்டான், நான் விடமாட்டேன்.

அப்போ ஆபத்தே இல்லையான்னா, இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா அது 19 வருஷம் கழிச்சு வர்ற கட்டில இல்ல, ரெண்டு வாரத்துல நடக்கற ஆண்டு விழா ஒத்திகைல இருக்கு.

இத கொஞ்சம் விவரமா சொல்லிடறேன். ஸ்கூல்ல ஆண்டு விழா வருது, டான்ஸ் சொல்லித்தர வெளியில இருந்து ஒருத்தர கூட்டிட்டு வர்றாங்க, அவரு பசங்கள வரிசையா நிக்க வச்சு யாருக்கு தலைகீழா நிக்க தெரியும்னு கேக்கறாரு, ஒல்லியா சுறுசுறுப்பா இருக்கற நாலு பேர் கைய தூக்கறாங்க, அவ்வளவுதான், அந்த நாலு பேர் பாட்டோட கடைசில ஹெட்ஸ்பின் பண்ணனும்னு முடிவாயிடுது. மேடைல பலகை போட்டு அது மேல கார்பெட் விரிச்சு ஆணி அடிச்சிருப்பாங்க. கார்பெட் மேல தலை வழுக்காது சார், அதுதான் முக்கியமான விஷயம், முடிய அப்படியே புடிச்சுக்கும். உடம்பு சுத்தும், தலை நின்னுடும், நடுவுல இருக்கற கழுத்துதான் அந்த முறுக்க மொத்தமா வாங்கும். இப்படி ஒரு பள்ளிக்கூடத்துல (பேர் வேண்டாம்) ஒத்திகை பண்ணின பையன் கழுத்த திருப்ப முடியாம உடம்போட சேர்த்து திரும்பி திரும்பி பார்த்துகிட்டு என்கிட்ட வந்தான், நல்லவேளை தசைப் பிடிப்போட போச்சு, டாக்டர்கிட்ட காட்டி சரியாச்சு. அவன் வீட்ல இப்பவும் சொல்றது "பிரேக் டான்ஸ் ஆடி கழுத்து போச்சு"ன்னுதான். அவன் பிரேக்கிங் கத்துக்கவே இல்லையே, அவன தூக்கி தலைகீழா நிறுத்திட்டாங்க, அவ்வளவுதானே நடந்தது.

பாட்டு கிளாஸ்ல சேர்ந்த குழந்தை சரளி வரிசை முடிக்காம கீர்த்தனை பாடணும்னு யாரும் கேக்கறதில்ல, இதுலயும் அந்த மாதிரி ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசை பெத்தவங்களுக்கு தெரிஞ்சா போதும், யாரு ஒழுங்கா சொல்லித்தர்றாங்க யாரு இல்லன்னு அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க.

வர்ற பையன் முதல்ல பண்றது மணிக்கட்டு. ஆமா, ஆட்டமே இல்ல, மணிக்கட்டுதான். முட்டி போட்டு உள்ளங்கைய தரைல வச்சு, விரல் முன்னாடி பார்க்க ஒரு தடவை, பக்கவாட்டுல ஒரு தடவை, விரல் தன்ன பார்க்கற மாதிரி திருப்பி வச்சு ஒரு தடவை, மெதுவா முன்ன பின்ன சாய்ஞ்சு உடம்போட எடைய கைக்கு பழக்கணும். ஏன்னா இந்த ஆட்டத்துல கை கால் மாதிரி வேலை செய்யணும், ஆனா மணிக்கட்டு எலும்பெல்லாம் கணுக்கால் மாதிரி பெருசு கிடையாது. பிரேக்கிங்ல அதிகமா அடி வாங்கற இடம் எதுன்னா மணிக்கட்டு, தோள், முட்டி, கணுக்கால், முதுகு. தலைய பத்தி பயப்படுறவங்க மணிக்கட்ட பத்தி ஒரு வார்த்தை கேக்கறதில்ல, எனக்கு அதுதான் ஆச்சரியம். சிமெண்ட் தரைல வார்ம் அப் இல்லாம கைல நின்னு பழகுற பையனுக்கு கொஞ்ச நாள்லயே பைக் ஆக்சிலேட்டர் திருகினா வலிக்குது, பேனா புடிச்சா வலிக்குதுன்னு ஆரம்பிச்சிடும்.

அடுத்தது டாப்ராக், நின்னுகிட்டே ஆடுறது. பாட்டு கேட்டு, தாளம் எங்க விழுதுன்னு புரிஞ்சு, காலுல அத காட்டணும். பசங்களுக்கு இது போர், நேரா தரைல விழுந்து சுத்தணும்னு துடிப்பாங்க. ஆனா இந்த ஆட்டம் பிறந்ததே காதுலதான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520ம் நம்பர் கட்டடம், அங்க ஒரு பார்ட்டில டிஜே கூல் ஹெர்க் பாட்டு போடுறாரு. பாட்டு நடுவுல பாடகர் நிறுத்தி வெறும் டிரம்ஸ் மட்டும் அடிக்கற இடம் வரும் இல்லையா, அதுக்குத்தான் ஆடுறவங்க காத்துகிட்டு இருக்காங்கன்னு அவரு கவனிச்சாரு, ஒரே ரெக்கார்ட ரெண்டு வாங்கி ரெண்டு மெஷின்ல மாத்தி மாத்தி போட்டு அந்த டிரம்ஸ் துண்ட நீட்டினாரு. அந்த பிரேக்குக்கு ஆடினவங்கதான் பி-பாய், பி-கேர்ள். அதனால தாளம் விட்டுட்டு எவ்வளவு வேகமா சுத்தினாலும் அது பிரேக்கிங் ஆகாது. நம்ம பசங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, பறை அடிக்கற சத்தம் கேட்டு வளர்ந்தவங்க, அடி எங்க விழும்னு காலுக்கு ஏற்கனவே தெரியும். அத டாப்ராக்குக்கு கொண்டு வர கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்.

அப்பாமார்ங்க சில பேர் "நாங்க பார்க்காத பிரேக் டான்ஸா, ஸ்கூல் படிக்கறப்ப நானே ஆடியிருக்கேன்"னு சொல்வாங்க. எண்பது, தொண்ணூறுகள்ல நம்ம சினிமால பார்த்து எல்லாரும் ஆடினது பெரும்பாலும் கலிஃபோர்னியா பக்கம் பிறந்த பாப்பிங், லாக்கிங், ரோபோ மாதிரி வெட்டி வெட்டி ஆடுறது. அருமையான ஆட்டம், ஆனா பயிற்சி வேற. பிரேக்கிங் தரைல இறங்கற ஆட்டம்.

தரைல இறங்கினதும் சிக்ஸ் ஸ்டெப். குத்த வச்சு உக்காந்து, கை ஒன்னு மாத்தி ஒன்னு தரைல ஊன, காலு ரெண்டும் உடம்ப சுத்தி ஒரு வட்டம் போடும், ஆறாவது அடில கிளம்பின இடத்துக்கே வரணும், இடுப்பு தரைய தொடக்கூடாது, பாதத்தோட முன்பக்கம் மட்டும்தான் படணும். பார்க்க சுலபம். நான் சொல்லித்தர்றப்ப சில நேரம் திரும்பி நின்னுப்பேன், பார்க்கவே மாட்டேன், சத்தத்த மட்டும் கேப்பேன். புதுசா பண்ற பையன் கால் தொப்பு தொப்புனு விழும், மூணாவது அடில ஒரு தயக்கம் கேக்கும், ஏன்னா அங்கதான் எடை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாறுது. பழகினவன் கால் மெத்து மெத்துனு ஒரே இடைவெளில விழும். அந்த சத்தம் சரியாகறதுக்கே மாசக்கணக்குல ஆகும், அதுக்கப்புறம் இதையே எதிர்ப்பக்கமா பண்ண சொன்னா மறுபடி முதல்ல இருந்து தொப்பு தொப்புதான். இந்த கட்டத்துலதான் நிறைய பேர் நின்னுடுவாங்க. இந்த கட்டத்த தாண்டினவன் பெரும்பாலும் விடமாட்டான்.

கூடவே ஃப்ரீஸ், அதாவது ஆடிட்டே வந்து சட்டுனு சிலை மாதிரி நிக்கறது. பேபி ஃப்ரீஸ்தான் முதல். ஒரு முழங்கைய மடக்கி இடுப்பு எலும்புக்கு உள்பக்கமா குத்தி வச்சு, இன்னொரு கைய தலைக்கு பக்கத்துல ஊனி, தலையோட பக்கவாட்ட லேசா தரைல வச்சு, கால தூக்கணும். தலைல எடை போடக்கூடாது, எடை எல்லாம் கைல. இங்கதான் பசங்களுக்கு முதல் தடவையா புரியும், தலை தரைல படறது வேற, தலை எடை தாங்கறது வேறன்னு. எனக்கு அவசரமே இல்லாத இடம் இதுதான், எத்தனை மாசம் ஆனாலும் ஆகட்டும்னு விட்டுடுவேன்.

அதுக்கப்புறம்தான் பவர் மூவ், அதாவது உடம்ப முழுசா சுத்தற வித்தை, அதுல வின்ட்மில். குத்தி வச்ச முழங்கைல இருந்து தோளுக்கு இறங்கி, மேல்முதுகுல உருண்டு, திரும்ப அதே முழங்கைக்கு வரணும், காலு ரெண்டும் வி மாதிரி விரிஞ்சே இருக்கணும், கால் சேர்ந்தா சுத்து செத்துடும். இதுக்கு தோள்லயும் இடுப்பு எலும்புலயும் கொஞ்ச நாள் கன்னிப்போகும், அத மறைச்சு சொல்ல விரும்பல, கன்னிப்போகத்தான் செய்யும். வின்ட்மில் நல்லா வந்து, தலைகீழா கைய முக்கோணமா ஊனி ஆடாம அசையாம நிக்க வந்து, கழுத்து தசை பலமாகி, அப்புறம் தலைக்கு வழுக்கற தொப்பி போட்டு, ஒருத்தர் பக்கத்துல நின்னு, கையால தட்டி தட்டி கால் சுத்து, அரை சுத்துன்னு போறதுதான் ஹெட்ஸ்பின். கைய எடுத்துட்டு சுத்தறது எல்லாம் அதுக்கும் ரொம்ப தள்ளி. ஒரு நாள்ல சில நிமிஷத்துக்கு மேல நான் பண்ண விடறதில்ல, கழுத்து வலின்னா அன்னைக்கு கிடையாது, கையில மரத்துப் போன மாதிரியோ ஊசி குத்தற மாதிரியோ இருக்குன்னு சொன்னா டாக்டர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் தரைலயே இறங்கக்கூடாது. ஹெட்ஸ்பின் வேணாம்னு ஒரு பையன் சொன்னா அதுக்கும் சரி. அது இல்லாமயே முழுசா ஒரு பி-பாய் ஆகலாம்.

சும்மா சமாதானத்துக்கு சொல்லல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல பிரேக்கிங் இருந்துச்சு, ஆகஸ்ட் 9, 10 ரெண்டு நாள், ஒன்பது ஜட்ஜ். அவங்க பார்த்தது அஞ்சு விஷயம்: டெக்னிக், எத்தனை விதமான மூவ் இருக்குங்கறது, தடுமாறாம பண்றது, தன்னோட சொந்த சரக்கு, பாட்டோட பொருந்தறது. அஞ்சுக்கும் சம மதிப்பு, ஒவ்வொன்னுக்கும் 20 சதவீதம். பொண்ணுங்க பிரிவுல தங்கம் வாங்கின ஜப்பான் ஆமி, அவங்களோட பலமே கால் வேலையும் ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு நழுவிப் போற அழகும்தான். நம்ம ஊர்ல அந்த ஒலிம்பிக்ல இருந்து வாட்ஸ்அப்ல சுத்தினது ஒரு ஆஸ்திரேலிய போட்டியாளரோட வீடியோ மட்டும்தான், எல்லாரும் சிரிச்சாங்க, ஆமியும் லிதுவேனியா பொண்ணு நிக்காவும் ஆடின ஃபைனல் அதே நாள்தான் நடந்துச்சு, அத பார்த்தவங்க என் பசங்கள தவிர யாருமே இல்ல. நிக்காவுக்கு அப்போ வயசு 17, வெள்ளி வாங்குச்சு. பொண்ண அனுப்ப யோசிக்கற பெத்தவங்க தயவுசெஞ்சு அந்த ஒரு ஃபைனல தேடி பாருங்க. என்கிட்ட இப்போ பொண்ணுங்க ரொம்ப கம்மி, அது எனக்கு நிஜமாவே வருத்தம்.

உடம்பு தாங்குமான்னு கேக்கறவங்களுக்கு கொரியாவோட ஹாங் டென்ன சொல்வேன். ரெட் புல் பிசி ஒன்ங்கறது தனியாளா ஆடுற உலகப் போட்டி, 2006ல ஜெயிச்சாரு, 2013ல ஜெயிச்சாரு, திரும்ப 2023ல நாப்பதை நெருங்கற வயசுல ஜெயிச்சாரு. அவரு பேர் வாங்கினது ஃப்ரீஸ்ல. பொறுமையா, வரிசையா, உடம்ப பார்த்துகிட்டு பழகினா இவ்வளவு காலம் ஆடலாம். அதே போட்டியோட உலக ஃபைனல் 2019ல நம்ம மும்பைலயே நடந்துச்சு, அதனால இது ஏதோ நமக்கு சம்பந்தமில்லாத வெளிநாட்டு வித்தைன்னும் ஒதுக்க முடியாது.

அடுத்தது தரை, இத சொல்லாம முடிக்க முடியாது. பிராங்க்ஸ் பசங்க அட்டைப்பெட்டிய பிரிச்சு போட்டு, பழைய லினோலியம் ஷீட்ட சுருட்டி தூக்கிட்டு போய் ஆடினாங்க. எங்க பசங்க ஃப்ளெக்ஸ் பேனர். விசேஷம் முடிஞ்சதும் கழட்டின பேனர கேட்டு வாங்கி, படம் இருக்கற பக்கத்த கீழ போட்டு வெள்ளைப் பக்கத்துல ஆடுவோம், நாலு மூலையிலயும் செங்கல் இல்லன்னா டேப். வின்ட்மில்லுக்கு அது பரவாயில்ல. ஆனா கீழ இருக்கறது சிமெண்ட்தானே, விழுந்தா சிமெண்ட்லதான் விழறோம். டைல்ஸ் தரை இன்னும் மோசம், வேர்வை பட்டா கை வழுக்கிடும். பார்க்ல ஆடினா வாட்ச்மேன் துரத்துறாரு, மொட்டை மாடில ஆடினா கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, தலைக்கு மேல இடி மாதிரி கேக்கும். ஜப்பான்ல கவாசாகி பக்கம் மிசோனோகுச்சின்னு ஒரு ரயில் நிலையம், அங்க சாயங்காலத்துல பசங்க பிரேக்கிங் பழகறதுக்குன்னே பேர் போன இடம். கனடா பில் விசார்ட், பாரிஸ்ல ஆண்கள் பிரிவுல தங்கம் வாங்கினவரு, அவரு இந்த ஆட்டத்துக்கு வந்ததே 12 வயசுல வான்கூவர் ஆர்ட் கேலரி வாசல்ல தெருவுல ஆடினவங்கள பார்த்துத்தான். பொது இடத்துல ஆடுறத பார்த்தாதானே இன்னொருத்தனுக்கு ஆசை வரும். நம்ம ஊர்ல நிறைய ஸ்கூல்ல ஜூடோ மேட்டும் ஜிம்னாஸ்டிக்ஸ் மேட்டும் ஸ்டோர் ரூம்ல சுருட்டி வச்சு தூசி படியுது. வாரத்துல ரெண்டு சாயங்காலம் அத விரிச்சு, பி.டி. சார் ஒருத்தர் கூட இருந்தா, பசங்க மாடிக்கும் ரோட்டுக்கும் போக வேண்டிய அவசியமே இருக்காது.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல பிரேக்கிங் கிடையாது, கிரிக்கெட் உள்ள வந்திருக்கு. அதனால இனிமே இதுக்கு எதிர்காலமே இல்லன்னு சில பேர் எங்கிட்ட வந்து சொல்றாங்க. ஒலிம்பிக் வர்றதுக்கு முன்னாடி அம்பது வருஷம் இந்த ஆட்டம் தெருவுலயும் ஹால்லயும் நல்லாத்தான் இருந்துச்சு, என் பசங்க யாரும் மெடலுக்காக சிக்ஸ் ஸ்டெப் பண்ணல, பக்கத்து பையன விட சுத்தமா பண்ணணும்னு பண்றாங்க, போன வாரம் வராதது இந்த வாரம் வந்துச்சுன்னு பண்றாங்க.

இப்போ என் கோரிக்கை. டென்மார்க் செய்திய போட்ட அதே பக்கத்துல, பெத்தவங்க டான்ஸ் சொல்லித்தர்றவங்ககிட்ட என்ன கேக்கணும்னு நாலு வரி போடுங்க. எம்புள்ளை எந்த தரைல ஆடப்போறான், அவன் தலைகீழா நிக்கறதுக்கு முன்னாடி எத்தனை மாசமா கைக்கும் கழுத்துக்கும் பயிற்சி எடுத்திருக்கான், பண்றப்ப பக்கத்துல யாரு நிக்கறாங்க, வலின்னு சொன்னா நிறுத்துவீங்களா. பத்து நாள்ல ஹெட்ஸ்பின்னு போர்டு வச்சிருக்கற இடத்துக்கு அனுப்பாதீங்கன்னும் சேர்த்து போடுங்க. ஸ்கூல் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை, ஆண்டு விழா மேடைல கார்பெட் மேல தலை சுத்தற ஐட்டம் வேண்டாம், அதுக்கு பதிலா நாலு பசங்க தாளத்துக்கு டாப்ராக் ஆடி ஒரே நேரத்துல ஃப்ரீஸ் போட்டாலே கைதட்டல் பிச்சுக்கும், நான் பார்த்திருக்கேன். உங்க நிருபர் யாராவது வந்து பயிற்சிய நேர்ல பார்க்கணும்னா எப்ப வேணா வரலாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இருப்போம். பொங்கல் லீவு முடிஞ்சதும் நிறைய ஸ்கூல்ல ஆண்டு விழா ஒத்திகை ஆரம்பிச்சிடும், அதுக்கு முன்னாடி இந்த கடிதம் வந்துட்டா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
பிரேக்கிங் சொல்லித்தர்ற ஒரு வாசகன்,
திருச்சி